உப்புக்குச் சப்பாணி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம். நாலாவது பக்கத்தில் இடம் போதாமல், ஓரத்தில் காகிதத்தைத் திருப்பி வைத்துக் கொண்டு வேறு எழுதியிருக்கிறார். அப்படி ஓரத்தில் எழுதுகிறவர்கள் வீண் வம்புக்கு எழுதுகிறவர்கள் அல்ல என்பது பத்திரிகை ஆபீசில் நான் கண்ட அனுபவம்.

விஷயம் இதுதான். அவருடைய மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. காலையில் பள்ளிக்கூட வேன் வருகிற நேரம் பார்த்து வாந்தி எடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, அம்மா" என்று சொல்லி விட்டார். பையனின் தகப்பனார், "போதும் இந்தப் பள்ளிக்கூடம்! நாமே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்து விடலாம்" என்கிறார். மாமியாருக்கு அது சம்மதமில்லை. "நாலு பிள்ளைகளோடு பழகாமல் வளர்ந்தால், நாளைக்கு நாலு பேர் நடுவில் நிற்கத் தெரியாதவனாகப் போய் விடுவான்" என்கிறாராம்.

"ஐயா, இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம் என்று யார் வாயைத் திறந்தாலும், அந்த மாமியார் கேட்ட கேள்வியைத்தான் ஊரெல்லாம் முதலில் கேட்கிறது. கணக்கு வருமா, இங்கிலீஷ் வருமா என்பதெல்லாம் அப்புறம். "மற்ற பிள்ளைகளோடு பழக வேண்டாமா?" - இதுதான் முதல் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் பழக்கம் என்றால் என்ன, அதில் பிள்ளை கற்றுக் கொள்வது என்ன என்று கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுப்பதும்தான் பழக்கம் என்றால், அதை வீட்டிலேயே பேஷாகக் கற்றுக் கொடுக்கலாம். அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது கொய்யா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக் கொண்டேன். ஏறக்குறைய ஒன்பது மாதம் வீட்டு வாசம். தாத்தாதான் ஆசிரியர். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. மத்தியானம் பாடம் முடிந்ததும் தாயக்கட்டையை எடுத்து வைத்துக் கொண்டு உட்காருவோம். அந்த ஒன்பது மாதமும் நான் தோற்றதாக நினைவே இல்லை. என் சாமர்த்தியம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். கால் முறிந்து கிடக்கிற பேரனுக்காகத் தாத்தா தினமும் தோற்றுக் கொண்டிருந்தார் என்பது புரிய வெகு காலமாயிற்று.

மறுபடி பள்ளிக்கூடம் போன அன்று, கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். வாத்தியாரே அசந்து போனார். அப்புறம் இடைவேளை மணி அடித்தது. பையன்கள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். எனக்கு நடையில் இன்னும் கொஞ்சம் இழுப்பு இருந்தது. கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த பையன் என்னைப் பார்த்து, "நீ உப்புக்குச் சப்பாணியா இருந்துக்கோடா" என்றான்.

உப்புக்குச் சப்பாணி என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிற குழந்தைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஆட்டத்தில் சேர வயசு போதாத பொடியன் ஒருவன் அண்ணன் பின்னாலோ அக்காள் பின்னாலோ வந்து அழுவான். விரட்டினாலும் போக மாட்டான். சேர்த்துக் கொண்டாலோ ஆட்டம் கெட்டுப் போகும். ஆகவே அவனையும் சேர்த்துக் கொள்வார்கள். ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எல்லாரையும் போல அவனும் ஓடலாம், கத்தலாம். பிடிபட்டால் மட்டும் 'அவுட்' இல்லை. எந்தப் பெரியவரும் சொல்லிக் கொடுக்காமல், தெருப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டு பிடித்து வைத்திருக்கும் சட்டம் இது. இதைவிடக் கருணையும் சாமர்த்தியமும் சேர்ந்த சட்டம் எந்தச் சட்டசபையிலும் நிறைவேறியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் எனக்குச் செய்தது உபகாரம். எனக்கோ சுருக்கென்று தைத்தது. தினமும் ஜெயித்துக் கொண்டிருந்தவனைச் சப்பாணி என்பதா! நேரே வாத்தியாரிடம் போய், "என்னை நொண்டி என்கிறார்கள், சார்" என்று சொல்லி விட்டேன். இரண்டு பையன்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். அதன் பிறகு வகுப்பு முழுவதும் என்னோடு 'கா'. அது 'பழம்' ஆவதற்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதம் நானும் காலையில் வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தவன்தான். ஆகவே கோயம்புத்தூர்ப் பையனின் வாந்தியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தாத்தா சொல்லிக் கொடுத்த பாடத்தில் குறையே இல்லை. அவரால் சொல்லிக் கொடுக்க முடியாத பாடம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அது சமமானவர்களிடம் தோற்பது, அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனோடு மல்லுக்கு நிற்பது, கா விட்டவனிடம் போய்ப் பழம் விடுவது.

ஸ்விட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற மனோதத்துவ அறிஞர் இதைக் கோலியாட்டத்திலிருந்து கண்டு சொன்னார். ஜினீவாவிலும் நெஷாடெல்லிலும் கோலி ஆடும் பையன்களிடம் போய், "எனக்கு ஒன்றும் தெரியாது, ஆட்டம் எப்படி என்று சொல்லித் தா" என்று உட்கார்ந்து விட்டார். பிறகு, "இந்தச் சட்டங்களை யார் செய்தது? மாற்றலாமா?" என்று ஒவ்வொருவனையும் கேட்டார். சின்னப் பிள்ளைகள், "பெரியவர்கள் செய்தது, மாற்றவே கூடாது" என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு சட்டமாக ஆடினார்கள்! பத்து, பதினொரு வயதுப் பையன்களோ, "எல்லாரும் ஒப்புக் கொண்டால் மாற்றிக் கொள்ளலாம்" என்றார்கள்; அவர்கள்தாம் ஒப்புக் கொண்ட சட்டத்தை ஒழுங்காக அனுசரித்தார்கள். 1932-ல் வெளியான புத்தகத்தில் பியாஜே சொன்ன அபிப்பிராயம் இது: நியாயம் என்பது மேலே இருப்பவர் சொல்லிக் கேட்டு வருவதைவிட, சரிசமமானவர்கள் ஒருவரோடொருவர் முட்டி மோதித் தீர்த்துக் கொள்வதில்தான் அதிகம் வருகிறது.

அப்படியானால் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அசடுகளாகப் போய் விடுகிறார்களா? இல்லை. 1992-ல் அமெரிக்காவில் ப்ளோரிடா சர்வகலாசாலையில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எழுபது பேர், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுபது பேர். எட்டிலிருந்து பத்து வயது. அவர்கள் கூடி விளையாடுவதைப் படம் பிடித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களைக் கொண்டு அந்தப் படத்தைப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். முரட்டுத்தனமும் கூச்சலும் வீட்டுப் பிள்ளைகளிடம் குறைவாகவே இருந்தன! இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லி விடவும் முடியாது. "வாருங்கள், என் பிள்ளையைப் பாருங்கள்" என்று தாமாக முன்வருகிற குடும்பங்களைத்தானே இப்படி ஆராய முடியும்? கதவைச் சாத்திக் கொண்டு வளர்க்கிற வீட்டுக்குள் எந்த ஆராய்ச்சியாளர் நுழைந்தார்?

முன்வந்த குடும்பம் ஒன்றை நானும் போய்ப் பார்த்தேன். சென்னைக்குத் தெற்கே, புறநகரில் இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு ஒன்பது. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மரத்தில் வந்து உட்காருகிற பறவைகளைப் பேர் சொல்லி எனக்கு அறிமுகப்படுத்தினாள் அந்தப் பெண். அந்தப் பையன் என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை எங்கள் ஆசிரியர்கூடக் கேட்டதில்லை. கூச்சமில்லாமல், மரியாதையாக, பெரிய மனிதர்களைப் போலப் பேசினார்கள். திங்கட்கிழமை நீச்சல், செவ்வாய் செஸ், வியாழன் பாட்டு என்று வாரம் முழுவதும் போக்குவரத்து. "மற்ற பிள்ளைகளோடு பழகுகிறார்களா என்று யாரும் கேட்க முடியாது பாருங்கள்" என்றார் தகப்பனார் பெருமையாக.

பையனை நான் கேட்டேன்: "செஸ் வகுப்பிலே யாரோடாவது சண்டை வந்தால் என்ன செய்வாய்?"

"மாஸ்டர் கிட்டே சொல்வேன்."

"நீச்சல் குளத்திலே?"

"கோச் கிட்டே."

"வீட்டிலே அக்காளோடு?"

"அம்மா வந்துடுவாங்களே!"

காபி கொண்டு வந்த அந்த அம்மாள் இதைக் கேட்டு விட்டார். என்னை வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, "அதுதான் எனக்கும் உறுத்தல். சாயங்காலம் தெருவில் விடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் விளையாட யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாரும் ஐந்து மணிக்கு ட்யூஷன் போய் விடுகிறார்களே!" என்றார்.

அந்த நியாயத்தையும் பார்க்க வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஜோடி இல்லாமல் போனதற்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் காரணம். பள்ளிக்கூடத்துக்குள்ளேயாவது ஆடுகிறார்களா என்றால், உடற்பயிற்சி நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொள்கிறார். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்த கணக்கு வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் வளர்ந்த மகாமேதை என்றால் எல்லாரும் ஜான் ஸ்டூவர்ட் மில்லைத்தான் சொல்வார்கள். 1806-ல் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ஜேம்ஸ் மில், இந்தியாவைப் பார்க்காமலே இந்தியாவின் சரித்திரத்தை எழுதியவர். மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். மற்றப் பையன்களின் சகவாசத்தால் பிள்ளை கெட்டுப் போய் விடக் கூடாதென்று அவர்களோடு சேரவே விடவில்லை. வீட்டில் தம்பி தங்கைகள் ஏராளம். ஆனால் அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் இவர் தலையிலேயே கட்டி விட்டதால், அவர்களும் தோழர்களாகவில்லை, மாணவர்களாகி விட்டார்கள். இருபது வயதில், 1826-ல், திடீரென்று எதிலும் பிடிப்பில்லாமல் மனம் இருண்டு போயிற்று. அதைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் தவித்ததாக அவரே சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மில்லை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டம் போட முடியாது; வாஸ்தவம். ஆனால் அவருக்கு வாய்த்த கூட்டம் முழுவதும் தகப்பனார் பொறுக்கி எடுத்த கூட்டம் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நாம் பொறுக்க முடியாது. பக்கத்தில் யார் உட்காருவது என்பது உயரத்தையும் அகரவரிசையையும் பொறுத்தது. நம் நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. 1950-களில் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு வந்தபோது, பிள்ளைகளின் வயிறு நிறைந்ததோடு, எந்தத் தெருப் பிள்ளையும் எந்தத் தெருப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் தட்டை வைத்துக் கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வீட்டில் அப்படி ஒரு பந்தியை எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்க வைக்க அனுமதியில்லை. அதை எதிர்த்து ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. 2006-ல் வழக்கு எடுபடவில்லை. தனித்தனிக் கூட்டங்களாக வளராமல் பிள்ளைகள் சமூகத்தோடு கலக்க வேண்டும் என்பது அங்கே சொன்ன காரணங்களில் ஒன்று. அதற்காகப் போலீசை அனுப்புகிற அளவுக்குப் போக வேண்டுமா என்றால், எனக்கு அதில் சம்மதமில்லை.

ஏனென்றால், பள்ளிக்கூடம் புனிதமான ஸ்தலம் அல்ல. உலகத்தில் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019-ல் கணக்குச் சொல்லிற்று. ரவீந்திரநாத் தாகூர் சிறு பையனாகச் சில பள்ளிகளில் சேர்ந்து ஒன்றிலும் நிலைக்காமல், வீட்டில் வாத்தியார்களிடம் படித்தவர். முதல் பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது என்ன தெரியுமா? வீட்டுத் தாழ்வாரத்துக் கைப்பிடிக் கம்பிகளை மாணவர்களாக வைத்துக் கொண்டு, பிரம்பால் விளாசுவது! வீட்டில் மட்டும் சுகமா? வேலைக்காரன் சுண்ணாம்புக் கட்டியால் அவரைச் சுற்றி வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்தி விட்டுப் போய் விடுவான். சீதை கோட்டைத் தாண்டிப் பட்ட பாடு தெரிந்த பிள்ளை, ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்கும். அதே மனிதர் 1901-ல் சாந்திநிகேதனத்தில் ஐந்தே மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். அவர்களில் ஒருவன் அவருடைய மகன். பள்ளி பிடிக்காதவர் மகனை வீட்டோடு வைத்துக் கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாம் எல்லாருமே வீட்டுப் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தவர்கள்தாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. என் அத்தை ஒருத்தி நகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. முதல் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள்: "எழுத்து மறந்தது பெரிசில்லை, மூன்று மாசத்திலே பிடித்து விட்டேன். பக்கத்திலிருக்கிறவன் கிட்டே ரப்பர் கேட்கத் தெரியவில்லையே! ஒவ்வொன்றும் எழுந்து என் கிட்டே வந்து, 'மிஸ், அவன் கிட்டே வாங்கிக் குடுங்க' என்கிறது."

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரையுள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டில் படிக்க வைப்பதைப் பற்றி அதில் தனியாகப் பேச்சில்லை. பரீட்சை எழுத வேண்டுமானால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான பரீட்சைகளும், பதினாலு வயதானால் பத்தாம் வகுப்பும் எழுதலாம். இதெல்லாம் சுலபமாகத் தெரிந்து கொள்ளக் கூடியது.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் பாங்கியில் வேலை பார்க்கிறார். "நாமே சொல்லிக் கொடுக்கலாம்" என்கிற தகப்பனார் யாரை 'நாம்' என்கிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ளும்படி எழுதினேன். பிள்ளைக்குச் சகவாசம் போய் விடுமே என்று கவலைப்படுகிற குடும்பம், வேலையை விட்டு வீட்டில் உட்காரப் போகிற தாயாரின் சகவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டாமா?

பிறகு பையனைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டேன். மத்தியானம் அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்? சாயங்காலம் பெரியவர்கள் யாரும் பார்த்துக் கொண்டிருக்காமல் பிள்ளைகளோடு இருக்கிற நேரம் எவ்வளவு?

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. முதல் கேள்விக்குப் பையன் வெகு நேரம் பேசாமலிருந்து விட்டு, "டாய்லெட் பக்கத்திலே, தனியா" என்றானாம். வேனில் இரண்டு பெரிய பையன்கள் டிபன் டப்பாவைப் பிடுங்கித் திறந்து முகர்ந்து பார்த்துக் கேலி செய்வார்களாம். வகுப்பிலும் அது பரவி விட்டதாம். வாந்திக்குக் காரணம் அகப்பட்டு விட்டது. பள்ளியில் போய்ச் சொன்னதற்கு, "பிள்ளைகள் என்றால் அப்படித்தான்" என்று பதில் வந்ததாம். பெரியவர்கள் தலையிடாமல் இருப்பது வேறு, கையைக் கட்டிக் கொண்டு நிற்பது வேறு என்று அந்தப் பள்ளிக்கு யார் எடுத்துச் சொல்வது? கோடை விடுமுறை வரை வீட்டில் வைத்துக் கொள்வதென்றும், ஜூனில் வேறு பள்ளி பார்ப்பதென்றும் தீர்மானித்திருக்கிறார்கள். தகப்பனார் காலையில், தாயார் இரவில் பாடம். வேலையை விடவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், "பூஜ்யம்" என்று ஒரே வார்த்தை. அதைச் சரி செய்ய வழி கண்டு பிடித்தவர் மாமியார்! இரண்டு தெரு தள்ளி, வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் ஒரு பொட்டல் இருக்கிறதாம். ட்யூஷனுக்குப் பணம் இல்லாத பிள்ளைகள் அங்கே கூடுகின்றன. தினமும் நாலரை மணிக்குப் பேரனை அழைத்துக் கொண்டு போய் விட்டு விட்டு, பாட்டி எட்டத்தில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து கொள்கிறார். முதல் மூன்று நாள் பையன் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் ஒரு சின்னப் பெண் வந்து, "நீ வர்றியா? உப்புக்குச் சப்பாணியா வா" என்று கூப்பிட்டிருக்கிறாள். போனான்.

பத்தாம் நாள் முழங்கால் சிராய்த்து, சட்டைப் பித்தான் அறுந்து வந்தானாம். யார் தள்ளினது என்று பாட்டி பதறிப் போய்க் கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் நாங்க பேசித் தீர்த்துட்டோம், பாட்டி" என்றானாம் பையன்.